வாய் நசுங்கிய குடம்

சரசாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எழிலரசியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது ஏகாம்பரத்தின் பக்கத்தில் நின்று, தட்டின் ஒரு ஓரத்தைத் தன் கையால் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். மாலை வேண்டாம், மைக்கில் பெயர் வேண்டாம், போட்டோவில் நடுவில் நிற்க வேண்டாம். நாலு வயதில் மூக்கு ஒழுகக் கையில் கிடைத்த பிள்ளை. வந்த ஒரு வாரத்திலேயே அவளை அம்மா என்று கூப்பிட்ட பிள்ளை. இருபத்து மூன்று வருஷம் தலை வாரி, டிபன் கட்டி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்து, ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போய் ரயிலேற்றி விட்டு வளர்த்த பிள்ளை. அதற்குத் தட்டு பிடிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. உண்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், பட்டாபிராமிலிருந்து நாத்தனார் குப்பம்மா வந்து இறங்குகிற வரைக்கும்.

குப்பம்மா ஏகாம்பரத்துக்கு அக்கா. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுகிற ரகம். மாப்பிள்ளை வீடு அம்பத்தூரில் ஃபிளாட், அம்மா ராதிகா பள்ளிக்கூட டீச்சர், பையன் பிரசன்னாவுக்கும் எழிலரசிக்கும் ஒரே ஐ.டி. கம்பெனியில் வேலை என்பதையெல்லாம் கேட்டு முடித்தாள். காபியையும் குடித்து முடித்தாள். டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தத்தோடு சொன்னாள்.

"தட்டு நான்தான் புடிப்பேன். பெத்தவ இல்லாத எடத்துல அத்தக்காரி நிக்கணும். அதான் நம்ம மொற."

அடுப்படியில் நின்ற சரசா, நான் இருக்கிறேனே அண்ணி என்றாள்.

"நீ கீற. யாரு இல்லன்னது? நீ வடிச்சிக் கொட்டினதும் பொண்ணு வளந்ததும் தெருவுக்கே தெரியும். ஆனா பெத்த கமலம் எடத்துல நீ நின்னுகினு தட்டு புடிச்சா, அவங்கோ பொண்ணோட அம்மா யாருன்னு கேப்பாங்கோ. இன்னா சொல்லுவ? ரெண்டாந்தாரம்னுவியா?"

ஏகாம்பரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் வெல்டிங் பார்த்த மனிதர். இரண்டு இரும்பை ஒட்டவைக்கத் தெரியுமே தவிர, அக்காவும் பெண்டாட்டியும் பேசுகிற பேச்சுக்கு நடுவில் வந்ததே கிடையாது. "பொண்ணு இன்னா சொல்லுதோ அதான்" என்றார், டிவியைப் பார்த்தபடியே.

எழிலரசி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அத்தையைப் பார்த்தாள். சரசாவைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி செல்போனுக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சரசாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாழ்த்து அட்டை செய்கிறவள். முன்னறை ஜன்னலோரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மேஜை, அதுதான் பட்டறை. உலோகமே இல்லாமல் உலோகம் செய்வது அவள் கைவேலை, அதுவும் பழைய உலோகம். கெட்டி அட்டையின் மேல் ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற அலுமினிய டேப்பை ஒட்டுவாள். மை தீர்ந்த ரீஃபிலால் அதை அழுத்தி அழுத்திப் பூட்டு, சாவி, கப்பல் சக்கரம், கோயில் கதவுக் குமிழ் என்று எதையாவது வரைவாள். ஏகாம்பரத்தின் கறுப்பு ஷூ பாலிஷை விரலால் எடுத்து மேலே பூசி, பனியன் துணியால் துடைப்பாள். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். அதிலேயே ஐம்பது வயது ஏறிவிடும். துரு வேண்டுமென்றால் டீத்தூளும் காவிப் பெயிண்டும். களிம்பு வேண்டுமென்றால் பச்சையையும் வெள்ளையையும் கலந்து ஒற்றி, ஈரம் காய்வதற்குள் கல்லுப்பைத் தூவிவிடுவாள். காய்ந்த பிறகு உப்பைத் தட்டினால் புள்ளி புள்ளியாக அரித்துப்போன செம்பு வந்து நிற்கும். அயப்பாக்கத்து ஃபிளாட் பெண்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுவார்கள். ஆன்ட்டி, பார்த்தால் நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தது மாதிரி இருக்கணும் என்பார்கள். இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் எழிலரசி அந்த மேஜையருகே வந்து நின்றாள். கையில் காபி. அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. குட்டி டம்ளர், குழந்தைகள் பால் குடிக்கிற அளவு. ஐந்து வயதிலிருந்து அதில்தான் காபி, அதில்தான் தண்ணீர். காலேஜ் ஹாஸ்டலுக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனாள். வேறு யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுக்கமாட்டாள். அந்த டம்ளரைக் கொடுத்தவள் சரசா. அதனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் சரசாவுக்கு உள்ளுக்குள் குளிரும். பெறாத வயிறு என்று சொல்கிறவர்கள் இந்த டம்ளரைப் பார்க்கட்டும் என்று இருக்கும்.

"ம்மா, எனக்கு ஒரு கார்டு பண்ணணும்."

"யாருக்குடி? மாப்பிள்ளைக்கா?"

"மேடைக்கு. எங்கம்மா குடம் இருந்துச்சுல்ல, பேரு வெட்டின பித்தளக் குடம். வெள்ளத்துல போச்சுன்னியே. அதே மாதிரி வேணும். பேரு, பழசானது எல்லாம் அப்டியே. நிச்சயத்தன்னைக்கு மேடைல வைக்கணும்."

சரசாவின் கையில் இருந்த ரீஃபில் நின்றது. போட்டோகூட ஒன்றும் இல்லையே என்றாள்.

"அதான் உன்னக் கேக்கறேன். அத நான் பாத்தப்ப அஞ்சு வயசு, இன்னா ஞாபகம் இருக்கும்? நீதான தெனம் அதுல தண்ணி புடிச்ச." எழிலரசி காபியை உறிஞ்சினாள். "அது மட்டும் சரியா வரட்டும். தட்டு விஷயத்த அத்த கிட்ட நானே பேசறேன்."

போதாதா? சரசா கையிலிருந்த இரண்டு ஆர்டரை அன்றைக்கே தள்ளிப் போட்டாள்.

அந்தக் குடம் வெள்ளத்தில் போகவில்லை.

கமலத்துக்கு அவள் அப்பா வேம்புலி சீராகக் கொடுத்த குடம் அது. செம்பரம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட கூலியைச் சேர்த்து வாங்கியது. பூந்தமல்லியில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவனிடம் கொடுத்து, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'வேம்புலி மகள் கமலம்' என்று வெட்டி வாங்கியிருந்தார். கமலம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குடம் இருந்தது. சரசா வந்த மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் போய் நின்றாள். இடுப்பில் வைத்துக் கழுத்தை வளைத்துப் பிடித்தால், கட்டைவிரல் சரியாக அந்தப் பெயரின் மேல் போய் உட்காரும். சொரசொரவென்று. காலையில் ஆறு நடை, சாயங்காலம் நாலு நடை. அத்தனை நடையும் கமலத்தின் பெயரைத் தடவிக்கொண்டேதான் நடக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை வேறு, மத்தியானமெல்லாம் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை விரலால் வருடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் வராது. சோறு ஊட்டினால் குடத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்கும்.

சரசா ஒரு வருஷம் பொறுத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏகாம்பரம் ஷிப்டுக்குப் போன பிறகு, பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். கூப்பிட்டாள். அவன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாய் மடிப்புக்குள்ளே இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, சுத்தியலை எடுத்து விளிம்பில் ஒரே போடு போட்டான். குடம் மணியடித்தது மாதிரி சத்தம் போட்டது. வாய் ஒரு பக்கம் உள்ளே மடங்கிப் போனது. கம்பி இல்லை, சுத்தப் பித்தளை. இரண்டு எவர்சில்வர் குடம் கொடுத்தான், கொசுறாக ஒரு குட்டி டம்ளர். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் கையில் சரசா அந்த டம்ளரைத் திணித்தாள். இது உனக்கு, அப்பாகிட்ட சொல்லக் கூடாது, சொன்னால் அவன் திரும்பி வந்து இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாள். குழந்தை அழவில்லை. டம்ளருக்குள்ளே எட்டிப் பார்த்தது.

ஏகாம்பரம் ஒருமுறை கேட்டார். தேய்க்க முடியவில்லை, சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன் என்றாள். அவர் பரணில் ஏறிப் பார்க்கிற மனிதர் இல்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது சரசாவுக்கு வழி கிடைத்தது. சுத்தம் பண்ண இறக்கி வாசலில் வைத்திருந்தேன், அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாள். குப்பம்மா மட்டும் குடத்துக்காக ஒரு பாட்டம் அழுதாள். எழிலரசி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தது எந்தக் குழந்தைக்கு நினைவிருக்கும்?

முதல் அட்டை இரண்டு நாளில் முடிந்தது. குடத்தின் வடிவத்தில் வெட்டி, டேப் ஒட்டி, பெயரைப் புள்ளியாக அழுத்தி, பாலிஷ் போட்டுத் துடைத்து, மஞ்சளும் பழுப்பும் கலந்த பெயிண்டை விரல் நுனியால் தேய்த்து, கழுத்தில் பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த எழிலரசி தன் டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள்.

"எங்கம்மா குடம் ஏன் களிம்பு புடிக்கும்? தெனம் தேய்ச்சதுதான?"

வாஸ்தவம். களிம்பு, கிடக்கிற பாத்திரத்துக்குத்தான் வரும். புழங்குகிற பாத்திரம் வேறு மாதிரி கிழடாகும். வயிறு வெளுத்துப் பளபளக்கும், கை நுழையாத கழுத்தடியில் கறுக்கும், இடுப்பில் உரசுகிற இடம் மழுங்கும். வெட்டின எழுத்துப் புள்ளிக்குள் புளியும் சாம்பலும் போய் வெள்ளையாகக் காய்ந்து உட்காரும். இதெல்லாம் சரசாவுக்குத் தெரியும். ஃபிளாட் பெண்களுக்குச் செய்து செய்து கை பச்சைக்கே போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவதில் பச்சையை எடுத்தாள். மூன்றாவதில் இடுப்பு உரசின இடத்தை மழுக்கினாள். நாலாவதில் விபூதியைத் தண்ணீரில் குழைத்து எழுத்துப் புள்ளிகளில் அடைத்துத் துடைத்தாள். ஐந்தாவதில் விளிம்புக்கு எம்பாஸிங் தூள் தூவி ஹீட் கன்னால் சூடு காட்டினாள், தூள் உருகி வார்த்த பித்தளை மாதிரி தடித்து நின்றது. ஆறாவதில் பேர் வெட்டினவனுக்குக் கடைசியில் இடம் போதாமல் 'ம்' மட்டும் நெருங்கிக் குறுகி நின்றதுகூட வந்துவிட்டது. கண்ணால் பார்த்து நினைவு வைத்ததில்லை அது. கட்டைவிரல் நினைவு வைத்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் எழிலரசி வந்து நின்று, காபியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்ப்பாள். "இல்ல ம்மா" என்பாள். எது இல்லை என்று சொல்லமாட்டாள். உனக்குத்தானே தெரியும் என்பாள். சரசாவின் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போனது. சாம்பாரில் பாலிஷ் நாறுகிறது என்று ஏகாம்பரம் தட்டைத் தள்ளி வைத்தார். நிச்சயத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஏழாவது அட்டையை மேஜையில் வைத்துக்கொண்டு சரசா கண்ணை மூடினாள். குடத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? அவன் சாக்குக்குள் தலைகீழாகத் திணித்தபோது. அப்போது அது எப்படி இருந்தது? கண்ணைத் திறந்தாள். கரண்டியின் பின்பக்கத்தை எடுத்து, விளிம்பின் வலதுபுறத்தில் வைத்து அழுத்தினாள். டேப் சுருங்கி உள்ளே போனது. மடிப்பில் கறுப்பை ஏற்றி, மேட்டைத் துடைத்தாள்.

அவ்வளவுதான், குடம் வந்துவிட்டது. அட்டை போய்விட்டது, பெயிண்ட் போய்விட்டது, கமலத்தின் குடம் மேஜை மேல் இருந்தது. சரசா துணியைக் கீழே வைத்தாள். இதை வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இந்த நசுங்கலைப் பார்த்தவர்கள் யார்? அவன் எங்கேயோ. தான் இங்கே. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. எடுத்துவிட்டால் மறுபடியும் அட்டையாகிவிடும். மனசு வரவில்லை.

அன்று எழிலரசி நெடுநேரம் பார்த்தாள். காபி ஆறிப்போனது. அவள் விரல் வேறு எங்கும் போகவில்லை, நேரே விளிம்புக்குப் போனது.

"இது இன்னா ம்மா?"

"அதுவா. உங்கம்மா கெணத்தாண்ட கைதவறிப் போட்டுட்டாளாம். நான் வர்றப்பவே அப்டித்தான் இருந்துச்சு."

"அப்டியா" என்றாள் எழிலரசி. ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தாள். "இப்பதான் சரியா இருக்கு."

அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டாள். தட்டு அம்மாதான் பிடிப்பாங்க அத்த, நீங்க ஆரத்தி எடுங்க என்றாள். போனுக்குள்ளே குப்பம்மா கத்துவது அடுப்படி வரைக்கும் கேட்டது. எழிலரசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் முடிவு பண்ணிட்டேன் என்று வைத்துவிட்டாள். சரசா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாலிஷ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

நிச்சயதார்த்தம் மாங்காட்டில், அம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில். சரசா மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டாள். எழிலரசியின் டம்ளரையும் மறக்காமல் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மேடையின் கீழே ஒரு மேஜையில் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதனிடம்தான் முதலில் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ராதிகா அதைக் கையில் எடுத்தவள் திடுக்கிட்டுப் போனாள். "நிஜப் பித்தளைன்னே நெனச்சேன் சம்பந்தி. எடுத்தா கனமே இல்லை. இதையா நீங்க காகிதத்துல பண்ணீங்க?"

சரசாவுக்குத் தலை நிமிர்ந்தது. டேப், பாலிஷ், விபூதி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராதிகா தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். குப்பம்மா மட்டும் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் சரி. வாயி இன்னாத்துக்கு நசுங்கிக்கீது? நான் பாத்தப்போ உருண்டையால்ல இருந்துச்சு."

பின்னால் நின்றிருந்த எழிலரசி பதில் சொன்னாள். "அம்மா கெணத்தாண்ட போட்டுட்டாங்களாம் அத்த. இவங்கதான் சொன்னாங்க."

"யாரு, கமலமா? போவியா. அவ கொழந்தய தூக்கிக்கிற மாதிரி தூக்கினு போவா அந்தக் கொடத்த." குப்பம்மா சரசாவை ஒரு பார்வை பார்த்தாள். தட்டு போன கோபம் அவளுக்கு. வேறொன்றும் யோசிக்கவில்லை.

தட்டு மாற்ற இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மணப்பெண் அறைக்கு வரச் சொல்லி எழிலரசி ஆளனுப்பினாள். சரசா போனபோது உள்ளே வேறு யாரும் இல்லை. அலங்காரம் செய்கிற பெண் சாப்பிடப் போயிருந்தாள். எழிலரசி பட்டும் நகையுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அட்டையை உள்ளே எடுத்து வந்து கண்ணாடி மேஜை மேல் வைத்திருந்தாள்.

"ம்மா, தண்ணி. என் டம்ளர்ல."

சரசா பையிலிருந்து டம்ளரை எடுத்து ஊற்றிக் கொடுத்தாள். எழிலரசி உதட்டுச் சாயம் கலையாமல் பாதி குடித்தாள். டம்ளரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணா இருந்து எவ்ளோ வருஷமாச்சு பாரு."

சரசாவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். எழிலரசி மருதாணி விரலை நசுங்கலின் மேல் வைத்தாள்.

"இங்கதான அடிச்சான்? சுத்தியால. நான் வாசப்படில நின்னுகினு இருந்தேன்."

வெளியே நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சரசா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எழிலு, நீ சின்னப் புள்ள அப்ப..."

"அஞ்சு வயசு. டம்ளர் குடுத்த. சொல்லாதன்ன. நானும் சொல்லல. எங்கம்மாவ நீ எதுக்கு மாத்தினன்னு மறந்துடக் கூடாதுன்னு தெனம் அதுலயே குடிச்சேன்." குரல் ஏறவே இல்லை. ஆபீஸ் போனில் பேசுகிற மாதிரிப் பேசினாள். "ஆறு அட்டைலயும் அந்த அடி இல்ல. சரி, மறந்துட்டா போலன்னு நெனச்சேன். மறந்திருந்தா விட்டுருப்பேன் ம்மா. ஏழாவதுல போட்ட. போட்டுட்டு, எங்கம்மா கைதவறிப் போட்டான்னு சொன்ன பாரு."

சரசாவின் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"அவருக்கு எதுக்கு? சொன்னா ஒருநாள் கத்துவாரு, மறுநாள் டிவி பாப்பாரு." எழிலரசி கண்ணாடியில் பார்த்து நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டாள். "நீ தட்டு புடிக்கணும்ன. எல்லாரையும் ஒத்துக்க வச்சிட்டேன். இப்ப நீயே மேடை ஏறி வேணாம்னு சொல்லு. பெத்தவ எடத்துல நிக்க எனக்கு மனசு வரலன்னு சொல்லு. அழுதுகினு சொல்லாத, பாவம்பாங்க. சிரிச்சிகினு சொல்லு."

"சொல்லலன்னா?"

"நான் இந்த நசுங்கலப் பத்தி அத்த காதுல ரெண்டு வார்த்த சொல்லுவேன். அவங்களுக்கு மைக்கு வேணாம்."

கதவைத் தட்டினார்கள். நேரமாகிவிட்டது என்று ராமன் குரல் கேட்டது, மாப்பிள்ளையின் மாமா. எழிலரசி எழுந்தாள். பாதித் தண்ணீரோடு இருந்த டம்ளரை எடுத்துச் சரசாவின் கையில் கொடுத்தாள்.

"இது இனிமே எனக்கு வேணாம். நீ வச்சிக்கோ."

மேடையில் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். ராமன் லக்ன பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணோட அப்பா அம்மா வரலாம் என்று கூப்பிட்டார். ஏகாம்பரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஹால் முழுக்கச் சரசாவைப் பார்த்தது.

டம்ளரைக் கையில் பிடித்தபடியே சரசா மேடை ஏறினாள். நாற்காலியின் முதுகைத் தொட்டாள். உட்காரவில்லை. சிரித்தாள். பெற்றவள் இடத்தில் தான் நிற்கக் கூடாது, அத்தையே தட்டு பிடிக்கட்டும் என்றாள். தனக்கு மனசு வரவில்லை என்றாள். நன்றாகவே சொன்னாள்.

குப்பம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்ன இன்னா இன்னாவோ பேசிட்டேனேமே. உன் மனசு யாருக்கு வரும்." ராதிகா எழுந்து வந்து சரசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒருத்தர் கையில் வளர்ந்த பெண் எங்கள் வீட்டுக்கு வருகிறாளே என்றாள். கீழே யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஏகாம்பரம் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். சரசா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எழிலரசி அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி, அதில் அதை நிமிர்த்தி வைத்தாள். குப்பம்மா தன் தலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அட்டைக் குடத்தின் கழுத்தில் சுற்றினாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பெயருக்குக் கீழே தடவி, குங்குமம் வைத்தாள். அந்த இடத்தில் வார்னிஷ் போடவில்லை, ஈரம் பட்டால் பாலிஷ் கரையும் என்று சரசாவின் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மஞ்சளோடு கறுப்பும் சேர்ந்து ஒரு கோடாக இறங்கியது. பார்த்தவர்களுக்கு அதுவும் பழசாகத்தான் தெரிந்தது.

தட்டு மாறியது. ஏகாம்பரம் ஒரு ஓரம், குப்பம்மா ஒரு ஓரம். கெட்டிமேளம் கொட்டினார்கள். போட்டோக்காரர் எல்லோரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். நீயும் வாம்மா, நீதான் முக்கியம் என்று யாரோ சரசாவின் முதுகைத் தள்ளிவிட்டார்கள். அவள் அட்டை இருந்த நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். வேறெங்கும் இடம் இல்லை.

எழிலரசி திரும்பினாள். ஹாலில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள்.

"சித்தி, கொஞ்சம் நவுந்துக்கோங்க. அம்மா மறையறாங்க."

இருபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. முறைப்படி அவள் சித்திதானே, கவனிக்க என்ன இருக்கிறது. சரசா நகர்ந்தாள்.

இன்னும் கொஞ்சம் என்றார் போட்டோக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் மேடம். மேடை முடிந்துவிட்டது. ஒரு படி இறங்கி நின்றாள். டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பிப் பட்டுப்புடவையில் சிந்தியது. சிரித்துக்கொண்டேதான் நின்றாள். அப்படித்தான் சொல்லியிருந்தாள் எழிலரசி.